அம்மாவின் அரிவாள்மனையில் துரு: சாணைக்குக் கொடுக்கலாமா?

குடந்தை மகள்:
அம்மா போன பிறகு நான் கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள் அவருடைய அரிவாள்மனை. இரும்பு அலகு, பலாக் கட்டை, மூக்கில் தேங்காய் துருவும் பல். எட்டு மாதம் பரணில் இருந்தது. நேற்றுப் பிரித்துப் பார்த்தால், அலகு முழுவதும் செம்மண் பூசியதுபோலத் துரு. விரல் பட்டால் உதிர்கிறது. கட்டையும் ஆடுகிறது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் ஐந்தே நிமிட வேலை என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு சந்தேகம்: வாழைப்பூ நறுக்கி நறுக்கி அலகு கறுத்திருக்கும். அம்மா அதைத் தேய்க்க விடவே மாட்டார். அதுவும் துருதானா?

பந்திக்காரன்:
கொடுக்காதீர்கள், சகோதரி. முப்பது வருடமாகக் கல்யாணச் சமையலில் இருக்கிறேன். மோட்டார்ச் சக்கரத்தில் தண்ணீர் விடாமல் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் இரும்பின் பதம் போயிற்று என்று பொருள். அன்றைக்குக் கத்தரிக்காய் வெண்ணெயாக வெட்டுப்படும். பத்தே நாளில் மழுங்கிவிடும். என் அரிவாள்மனை ஒன்றை அப்படித்தான் இழந்தேன். இன்னும் ஆறவில்லை.

புளியைக் கெட்டியாகக் கரைத்துத் துருவின் மேல் அப்புங்கள். அரை மணி நேரம் போதும். இரவெல்லாம் விட்டால் புளிப்பு நல்ல இரும்பையும் அரிக்கும். சலித்த செங்கல் பொடியைத் தேங்காய் நாரில் தொட்டு, முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் தேயுங்கள். கழுவியதும் துடைத்து, வெயிலில் காட்டி, ஈரம் துளியும் இல்லை என்றான பிறகு நல்லெண்ணெய் தடவுங்கள்.

கூர் தீட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. அரிவாள்மனையின் விளிம்பு உள்வளைவானது. தட்டையான கல் அதில் படியாது. ஓரம் உருண்ட, ஒடுங்கிய கல் வேண்டும். அலகு அசையாமல் இருக்க, கல்லை நனைத்துக் கட்டைப் பக்கமிருந்து மூக்கை நோக்கி ஒரே சாய்வில் இழுங்கள். மறுபக்கம் நகத்தில் உரசும் பிசிர் எழும்பினால், அங்கேயும் இரண்டு இழுப்பு லேசாக இழுத்து அதை எடுத்துவிடுங்கள்.

அந்தக் கறுப்பு துரு அல்ல. வாழைப்பூவின் துவர்ப்பு இரும்போடு சேர்வதால் வருவது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்து மை ஆகிறதல்லவா, அதேதான். செந்துருபோல இரும்பைத் தின்னாது, ஓரளவு காக்கவே செய்யும். உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஈரோட்டு மருமகள்:
எதற்கு இவ்வளவு சிரமம்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தி வாங்கிவிட்டால் கழுவி வைத்தால் போதுமே.

பந்திக்காரன்:
அதில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருப்பதால் எளிதில் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அவர் கேட்டது கத்தி அல்ல, அம்மாவின் அரிவாள்மனை. கட்டை ஆடுவதற்குத் தச்சரிடம் ஒரு மெல்லிய ஆப்பு வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் ஊறப்போடாதீர்கள், மரம் ஊறி உலர்ந்துதான் பிடி தளர்கிறது.

குடந்தை மகள்:
புளி இரண்டு தடவை போட்டேன். துரு போனதும் அடியில் அந்தக் கறுப்பு அங்கங்கே அப்படியே இருக்கிறது, அதைத் தொடவில்லை. ஆப்பு வைத்தாயிற்று. கல் நாளைக்கு வருகிறது, ஐயா. கணவர் வாழைப்பூ வாங்கி வைத்திருக்கிறார்.