ஐரோப்பிய வணிகச் சட்டக் கோடை வகுப்பு: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

வாளையார்க்காரன்:

போன வாரம் ஒரு தம்பி தனிச் செய்தியில் கேட்டார்: "அண்ணா, மூணு வாரத்துல ஐரோப்பிய வணிகச் சட்டத்தை எப்படிச் சொல்லித் தருவாங்க? சும்மா ஊர் சுத்தத்தானே?" பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே கொட்டுகிறேன். மற்றவர்களும் உங்கள் கதையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் போனது 2019 ஜூலையில், நெதர்லாந்தின் லெய்டன் நகருக்கு. அப்போது கோவையில் வக்கீல் தொழிலுக்கு வந்து நாலு வருடம். திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர்களின் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு ஐரோப்பிய விதியின் எண் வரும். அது என்னவென்றே தெரியாமல் கட்சிக்காரரிடம் "இது வழக்கமா போடற ஷரத்துதாங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் குழுப் பயிற்சி, இரவில் மறுநாளைக்கான தீர்ப்புகள். தினமும் அறுபது எழுபது பக்கம். ஜூலையில் அங்கே பொழுது சாயவே இரவு பத்தாகிவிடும். வெளிச்சம் இருக்கிறதே என்று படித்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைக்குப் போனால் எல்லாம் சாத்தியிருக்கும். முதல் வாரம் பெரும்பாலும் ரொட்டியும் சீஸும்தான்.

முதல் நாள் பாடம், 1963இல் வந்த வான் கென்ட் என் லோஸ் வழக்கு. ஜெர்மனியிலிருந்து பசை செய்யும் ரசாயனம் ஒன்றை இறக்கிய டச்சு நிறுவனத்திடம், 3 சதவீதமாக இருந்த சுங்கவரியை 8 சதவீதமாக்கி வாங்கிவிட்டார்கள். சுங்கவரியைக் கூட்டக் கூடாது என்று நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தைக் காட்டி ஒரு சாதாரண கம்பெனி தன் ஊர் மன்றத்தில் உரிமை கேட்கலாமா? கேட்கலாம் என்றது லக்சம்பர்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம். மறு வருடம் கோஸ்டா வழக்கு. இரண்டாயிரம் லிராகூட எட்டாத ஒரு கரண்ட் பில்லைக் கட்ட மாட்டேன் என்று இத்தாலிய வக்கீல் ஒருவர் கிளப்பிய சண்டை. ஐரோப்பியச் சட்டமும் உள்நாட்டுச் சட்டமும் மோதினால் ஐரோப்பியச் சட்டமே மேல் என்பது அந்த வழக்கில்தான் உறுதியானது. பெரிய விஷயம் என்று மூளைக்குத் தெரிகிறது, மனதில்தான் ஒட்டவில்லை. குறிப்பேடு நிறைய எழுதினேன், அவ்வளவுதான்.

ஒட்டியது நாலாம் நாள். சரக்குகளின் தடையற்ற நடமாட்டம் என்ற பாடம். "உங்களில் யாராவது எல்லையில் சரக்கோடு காத்துக் கிடந்ததுண்டா?" என்று பேராசிரியர் கேட்டார். வகுப்பில் பாதிப்பேர் இருபத்திரண்டு வயது ஐரோப்பியப் பிள்ளைகள். ஒரு கையும் எழவில்லை. நான் தூக்கினேன். எந்த நாட்டு எல்லை என்றார். "நாட்டு எல்லை இல்லை சார், ஒரே நாட்டில் ரெண்டு மாநிலத்துக்கு நடுவில்" என்றேன். எல்லாத் தலையும் திரும்பியது.

அப்பா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். பள்ளி விடுமுறையில் அவரோடு வாளையார் செக்போஸ்ட்டுக்குப் போயிருக்கிறேன். கிலோமீட்டர் கணக்கில் லாரி நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துத் தூங்குவார்கள், சிலர் ஸ்டவ் பற்றவைத்து ரசம் கொதிக்க விடுவார்கள். தக்காளி லோடு என்றால் மூன்றாவது நாள் தார்ப்பாய்க்குக் கீழே சிவப்பாகத் தண்ணீர் சொட்டும். இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். நம் அரசியலமைப்பின் 301ஆம் பிரிவு நாடு முழுக்க வணிகம் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்கிறது. 2016இல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, வரி என்பதாலேயே அது தடையாகிவிடாது, வெளிமாநிலச் சரக்குக்குப் பாகுபாடு காட்டும் வரிதான் தப்பு என்று பெரும்பான்மையாகச் சொன்னார்கள். மறு வருடம் ஜிஎஸ்டி வந்து செக்போஸ்ட்டும் போயிற்று. பேராசிரியர் பலகையில் ஒரு பக்கம் 301 என்றும் மறுபக்கம் 34 என்றும் எழுதினார். ஐரோப்பிய ஒப்பந்தத்தில் இறக்குமதித் தடைகளை விலக்கும் பிரிவு அது.

அதற்கப்புறம் படித்த வழக்கெல்லாம் எனக்கு லாரியாகவே தெரிந்தது. பிரெஞ்சு விவசாயிகள் ஸ்பெயினிலிருந்து ஸ்ட்ராபெரி ஏற்றி வந்த லாரிகளை மறித்துப் பழத்தை நடுரோட்டில் கொட்டினார்கள். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. தடுக்காமல் சும்மா இருந்ததே பிரான்ஸ் செய்த குற்றம் என்று 1997இல் தீர்ப்பு. ஆனால் 1998இல் ஆஸ்திரியாவின் பிரென்னர் கணவாய்ச் சாலையைச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று ஏறக்குறைய 30 மணி நேரம் மறித்தபோது, அதற்கு அனுமதி கொடுத்த ஆஸ்திரியா மேல் தப்பில்லை என்று 2003இல் சொல்லிவிட்டார்கள். ஷ்மிட்பெர்கர் வழக்கு. முன்கூட்டியே அறிவித்தார்கள், மாற்றுவழி சொன்னார்கள், ஒரு தடவைதான் மறித்தார்கள், கூடிப் பேசும் உரிமையும் உரிமைதானே என்பது காரணம். பயிற்சி வாதத்தில் என் குழு லாரி கம்பெனிக்காக நின்றது. தோற்றோம். எனக்கு இன்றுவரை அந்தத் தீர்ப்பில் முழுச் சம்மதம் இல்லை.

அந்த வார இறுதியில் ரயிலேறி ஆன்ட்வெர்ப் போனேன். எல்லை எங்கே வந்தது, எங்கே போனது என்றே தெரியவில்லை. போனில் "பெல்ஜியத்துக்கு நல்வரவு" என்று ஒரு குறுஞ்செய்தி, அதுதான் செக்போஸ்ட். இரவு அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செக்போஸ்ட்டே இல்லைன்னா டிரைவர் எங்கடா தூங்குவான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நுங்கம்பாக்கம் சிஎஸ்:

வாளையார் சாருக்கு லாரி மாதிரி எனக்கு சென்ட்ரோஸ் என்ற கம்பெனியின் வழக்கு. நான் கம்பெனி செக்ரட்டரி, போனது இரண்டே வார வகுப்புக்கு. டென்மார்க்கில் கம்பெனி தொடங்க இரண்டு லட்சம் குரோனர் மூலதனம் காட்ட வேண்டியிருந்த காலம். ஒரு டேனிஷ் தம்பதி இங்கிலாந்தில் 100 பவுண்டு மூலதனத்தில் கம்பெனி பதிவு செய்தார்கள். அந்த நூறையும் கட்டவில்லை! பதிவு முகவரி, அங்கிருந்த ஒரு நண்பரின் வீடு. இங்கிலாந்தில் ஒரு பைசா வியாபாரம் கிடையாது. அப்புறம் டென்மார்க்குக்குத் திரும்பி "எங்கள் ஆங்கிலக் கம்பெனிக்குக் கிளை பதிவு செய்யுங்கள்" என்றார்கள். பதிவாளர் முடியாது என்றார். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

1999இல் நீதிமன்றம் பதிவாளருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. சட்டம் சுலபமாக இருக்கும் நாட்டைத் தேர்ந்தெடுத்துக் கம்பெனி தொடங்குவது மட்டுமே மோசடி ஆகாதாம். வகுப்பில் நான் ஒருத்திதான் பதிவாளர் பக்கம். பக்கத்தில் இருந்த போர்ச்சுகல் பெண் "கடன் கொடுத்தவர்களுக்கு அந்த மூலதனத்தால் நிஜமாக என்ன பாதுகாப்பு கிடைத்தது?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். நம் ஊரிலும் தனியார் கம்பெனிக்கு ஒரு லட்சம் மூலதனம் வேண்டும் என்ற விதி இருந்து, 2015இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் நான் பதிவு செய்து கொடுத்த கம்பெனிகளில் அந்த ஒரு லட்சம் எத்தனை நாள் வங்கியில் இருந்தது என்று எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டேன்.

சிக்கனம்:

எல்லோரும் புகழ்வதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். கட்டணம், விமானம், அறை வாடகை எல்லாம் சேர்த்து எனக்கு மூன்றரை லட்சம் ஆனது. திரும்பி வந்து சான்றிதழைக் காட்டியதும் என் சீனியர், "சரி, நாளைக்கு அந்த இன்ஜங்ஷன் மனு என்னாச்சு?" என்றார். இந்த வகுப்பை வைத்து ஐரோப்பாவில் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. விளம்பரத் தாளில் போட்டிருந்த இரண்டு நிறுவன விஜயங்களில் ஒன்று நடக்கவே இல்லை. பணமும் திரும்பவில்லை. நான் போன இடத்தின் பெயர் வேண்டாம், இப்போது சரிசெய்திருக்கலாம்.

தீர்ப்புகள் எல்லாம் நீதிமன்றத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் வீட்டில் உட்கார்ந்து பத்துத் தீர்ப்பு படியுங்கள். தூக்கம் வரவில்லை என்றால் பணம் கட்டுங்கள்.

பனங்காய்ப் பணியாரம்:

நான் லண்டன். பிறந்தது யாழ்ப்பாணம். 2016 ஜூலை முதல் கிழமை ஜெர்மனியின் ட்ரியர் நகரில் வகுப்புக்குப் போனேன். ஜூன் 23ஆம் திகதிதான் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதற்கு வாக்களித்திருந்தது. வகுப்பில் பிரிட்டனிலிருந்து வந்தது நான் ஒராள். எல்லாரும் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி என்னைப் பார்த்தார்கள். போலந்துப் பெடியன் ஒருவன் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி வாங்கித் தந்தான்.

ட்ரியரிலிருந்து லக்சம்பர்க் ரயிலில் ஒரு மணித்தியாலம்தான். ஒரு நாள் நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரிய மண்டபத்தின் கூரையிலிருந்து பொன்னிற வலை பந்தல் மாதிரித் தொங்கும். நீதிபதிகளுக்குக் கருஞ்சிவப்பு அங்கி. எங்களுக்குக் காதுக்குள் வைக்கும் கருவி தந்தார்கள். ஜெர்மன் வக்கீல் கதைக்கிறார், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ஒரு பெண் குரல் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லுது. வினைச்சொல் கடைசியில் வரும்வரைக்கும் அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது காதுக்கே தெரியும். தமிழும் அப்படித்தானே, அதனால் எனக்கு அவவில் ஒரு பாசம் வந்திட்டுது. நீதிபதிகள் தங்களுக்குள் வேலை செய்கிற மொழி பிரெஞ்சு என்று பிறகுதான் அறிந்தேன். தீர்ப்புகளின் வசனம் ஏன் அப்படி இறுகிக் கிடக்குது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

2020 முடிவோடு நான் படித்ததில் பெரும்பகுதி எங்கள் நாட்டில் பழங்கதை ஆகிவிட்டது. ஆனால் ஐரோப்பாவுக்கு மீன் அனுப்புகிற என் கட்சிக்காரருக்கு இப்ப சுங்கப் பத்திரம் நிரப்பவே ஓராள் தேவை. அந்த வகையில் வேலை கூடித்தான் போயிருக்கு.

வாளையார்க்காரரே, லெய்டனில் எங்கட சோழர் காலச் செப்பேடு பார்த்தீங்களோ?

சீல் உடைத்தவள்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிஜ சீல் இல்லை. பிரசெல்ஸில் போட்டிச் சட்டம் (கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றுவது போன்றவற்றைத் தடுக்கும் சட்டம்) மட்டும் பத்து நாள். ஒரு நாள் எங்கள் குழு கம்பெனியாகவும் இன்னொரு குழு அந்தச் சட்டத்தை மீறும் கம்பெனிகளைச் சோதனை போடும் ஐரோப்பிய ஆணையத்தின் அதிகாரிகளாகவும் நடித்தது. காலையில் வந்து அலமாரி, மடிக்கணினி எல்லாவற்றையும் பார்த்தார்கள். மாலையில், மறுநாள் வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று ஓர் அறையைப் பூட்டிக் கதவில் ஒட்டுச்சீல் ஒட்டிவிட்டுப் போனார்கள். என் தண்ணீர் பாட்டில் உள்ளே. ஒரு நிமிடம்தானே என்று கதவைத் தள்ளினேன். ஓரம் கிழிந்தது.

மறுநாள் என் குழுவுக்கு அபராதம் போட்டார்கள், விளையாட்டுக்குத்தான். அப்புறம் நிஜக் கதையைச் சொன்னார்கள். 2006இல் சோதனையின்போது ஒட்டிய சீல் சேதமானதற்கு ஈ.ஆன் என்ற ஜெர்மன் மின்சார நிறுவனத்துக்கு 3 கோடியே 80 லட்சம் யூரோ அபராதம். துடைக்கிற ஆள் போட்ட கிளீனிங் திரவம் பட்டுத்தான் அப்படி ஆகியிருக்கும் என்றெல்லாம் வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. இப்போது என் கம்பெனியில் வரவேற்பறைப் பெண்ணிலிருந்து ஹவுஸ்கீப்பிங் அக்கா வரை எல்லோருக்கும் வருடம் ஒருமுறை அந்தக் கதையைச் சொல்கிறேன். மூன்றரை லட்சம் வீண் என்று சிக்கனம் சார் சொல்வது அவருடைய சீனியரைப் பொறுத்து.

மூன்றாம் வருடம்:

அண்ணா, கேள்வி கேட்ட ஆள் நான்தான். விசா கஷ்டமா? இன்னும் சட்டக் கல்லூரி முடிக்கவில்லை, இப்பவே போகலாமா?

வாளையார்க்காரன்:

தம்பி, விசா கஷ்டம் இல்லை, நேரம்தான் பிடிக்கும். ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். சேர்க்கைக் கடிதம் கையில் வந்த அன்றே தேதி வாங்கிவிடு. கோடையில் கூட்டம் அள்ளும். மூன்றாம் வருடத்தில் போகாதே என்பது என் எண்ணம். இரண்டு வருடமாவது வேலை பார்த்துவிட்டுப் போ, ஒட்டிக்கொள்ள உன்னிடம் ஏதாவது இருக்கும்.

பணியாரம் அண்ணா, ஆனைமங்கலச் செப்பேடுகளை நான் பார்க்கவில்லை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் கட்டிய விகாரத்துக்கு ராஜராஜன் ஊரையே எழுதிக்கொடுத்த பட்டயம், வகுப்பிலிருந்து நடக்கிற தூரத்து நூலகத்தில் இருந்தது. முன்அனுமதி வேண்டும் என்பது தெரிந்தபோது மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. இன்னும் உறுத்துகிறது.

அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது ஊருக்கு வந்து ஒரு வருடம் கழித்து. வேறு எதையோ தேடும்போது வாடிட்ரான்ஸ் என்ற பெல்ஜிய லாரி நிறுவனத்தின் வழக்கு கண்ணில் பட்டது, 2017 டிசம்பர் தீர்ப்பு. டிரைவருக்கு வாரம் 45 மணி நேர ஓய்வு உண்டு, அந்த முழு ஓய்வை லாரிக்குள் கழிக்கக் கூடாது என்கிறது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "லாரியில தூங்கக் கூடாதுன்னு சட்டமா? இதை நம்ம டிரைவருங்ககிட்ட மட்டும் சொல்லிடாதே."