மிக்கி மவுஸ் நிக்கிற சேரி: ஜெஃப் ஜில்லெட் ஓவியங்கள நேர்ல பார்த்தவங்க இருக்கீங்களா?

நான் பொறந்து வளர்ந்தது தாராவில, தாத்தா காலத்துல திருநெல்வேலி பக்கமிருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பம். 2015ல வேலை விஷயமா இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இருந்தப்போ பக்கத்துல வெஸ்டன்-சூப்பர்-மேர்னு ஒரு கடற்கரை ஊர்ல, முகம் காட்டாத தெரு ஓவியர் பாங்க்ஸி 'டிஸ்மாலேண்ட்' நடத்துனாரு, மூடிக்கெடந்த ஒரு பழைய நீச்சல்குளத்துல டிஸ்னி பார்க்க அப்படியே கவுத்துப்போட்ட மாதிரி ஒரு கண்காட்சி, டிக்கெட் 3 பவுண்டுதான். எல்லாரும் கவுந்து கெடந்த சின்ட்ரெல்லா வண்டிய பார்க்க நின்னாங்க, நான் உள்ள ஜில்லெட் படத்துகிட்ட வந்ததும் அங்கேயே நின்னுட்டேன்.

கண்ணுக்கு எட்டுன வரைக்கும் குடிசையும் குப்பையும், நடுவுல மிக்கி மவுஸ். இதுதான் அவரோட ஸ்டைலே. ஆளு அமெரிக்கர், பீஸ் கோர்ங்கிற அமெரிக்க அரசு சேவைத் திட்டத்துல வாலண்டியரா நேபாளத்துல இருந்தவரு, இந்தியாவுல சேரிகள நேர்ல சுத்திப் பார்த்தவரு. அது படத்துலயே தெரியுது. துருப்புடிச்ச தகர ஷீட்டு, அது பறக்காம இருக்க மேல வைக்கிற கல்லு, நீல தார்ப்பாய், இதெல்லாம் போட்டோவ மட்டும் பார்த்து வரைஞ்சா இவ்ளோ சரியா வராது. குழந்தைங்களுக்கு சந்தோஷத்த விக்கிற உருவத்த கொண்டுபோய் அந்த உலகம் பார்க்கவே விரும்பாத எடத்துல நிக்க வச்சிருக்காரு, அந்த நையாண்டி எனக்கு ரொம்பவே வலிச்சுது, நியாயமான வலிதான்.

ஆனா ஒண்ணு சொல்லணும், நான் பார்த்த படத்துல மனுஷங்களே இல்ல. தாராவி அப்படியா இருக்கு? காலைல தண்ணிக்கு வரிசை, குயவருங்க இருக்கிற கும்பார்வாடால சூளைப் புகை, பொங்கலுக்கு 90 அடி ரோடு நெறைய பொம்பளைங்க பானை வச்சு குலவ போடுவாங்க. அந்த சத்தத்த எடுத்துட்டா அது வெறும் குப்பைமேடாதான் தெரியும். அவர் திறமைய மதிக்கிறேன், இந்த இடத்துல மட்டும் ஒத்துப்போக முடியல.

——

அண்ணே நானும் டிஸ்மாலேண்ட் போயிருக்கேன், லண்டன்லேர்ந்து ஃப்ரெண்ட்ஸோட. எனக்கு மறக்காதது அந்தக் குளத்துல அகதிங்க நெருக்கியடிச்சு நிக்கிற பொம்மைப் படகுங்கதான், பக்கத்துல ஒரு சின்னப் பையன் அத ஓட்டிப் பார்க்கணும்னு அவங்கம்மாவ நச்சரிச்சிட்டிருந்தான், எங்க குடும்பமே யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்ததுனால என்னால அங்க நிக்க முடியல. கண்காட்சி முடிஞ்சதும் அங்க இருந்த மரக்கட்டையெல்லாம் பிரான்ஸ்ல கலே முகாம்ல அகதிகளுக்கு தங்குமிடம் கட்ட அனுப்புனாங்க, அத கேட்டப்புறம்தான் கொஞ்சம் ஆறுதல்.

——

நான் இருக்கிறது கலிஃபோர்னியாவுல அனஹைம், டிஸ்னிலேண்ட் இருக்கிற ஊரு. ஜில்லெட்டும் இதே ஆரஞ்சு கவுண்டிக்காரர்தான். இங்க ஒரு கேலரில அவர் படத்த பார்த்தேன், வந்தவங்க பலபேரு 'ஐயோ பாவம் இந்தியா'ன்னுதான் பேசிக்கிட்டாங்க. ஆனா இங்கேயே வாடகை கட்ட முடியாம மோட்டல்ல ஒரே ரூம்ல புள்ளைங்களோட வருஷக்கணக்கா குடியிருக்கிற குடும்பங்க இருக்கு, ராத்திரி பார்க்ல வாணவேடிக்கை விட்டா அந்தப் புள்ளைங்க பார்க்கிங்ல நின்னு பார்க்கும். அதனால எனக்கு அந்தப் படம் இந்தியாவப் பத்தினதா தோணவே இல்ல. தாராவி அண்ணன் கேட்ட கேள்வி ரொம்ப முக்கியம், மனுஷங்கள ஏன் விட்டாருன்னு அவர்கிட்டயே கேக்கணும், இங்க அடுத்த ஷோ போட்டா நான் போய் கேட்டுட்டு வந்து எழுதுறேன்.