ஸ்க்ரோபுக்கு ‘காடி’ சரியா வருமா? (கூன்வண்டு உடற்கூறு சொற்கள்)

எல்லாருக்கும் வணக்கம்,

அக்கா அனுப்புன சொல்பட்டியல நேத்து ராத்திரி முழுசா உக்காந்து படிச்சேன். ட்ரைகோனோப்டெரஸ் கூன்வண்டுகள பத்தி தமிழ்ல எழுதணும்னு நாம ஆரம்பிச்சது இவ்ளோ தூரம் வந்திருக்கு, ரொம்ப சந்தோஷமா இருக்கு. பட்டியல்ல பெரும்பாலான சொல்லுக்கு எனக்கு மறுப்பே இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது, ஸ்க்ரோப். அதுக்கு நேரா ‘உணர்கொம்புப் பள்ளம்’னு போட்டிருக்கீங்க. நான் ‘காடி’ன்னு வைக்கலாம்னு சொல்றேன், ஏன்னு கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

புதுசா சேந்தவங்களுக்காக முதல்ல உறுப்பு என்னன்னு சொல்லிடறேன். கூன்வண்டோட தலை முன்னால நீண்டு போயிருக்கும்ல, அதத்தான் ரோஸ்ட்ரம்னு சொல்றது, நாம ‘அலகு’ன்னு வச்சிருக்கோம். பாக்க மூக்கு மாதிரி இருந்தாலும் அது மூக்கும் இல்ல, கொசுவுக்கு இருக்குற மாதிரி உறிஞ்சுகுழலும் இல்ல, தலையே நீண்டு வந்ததுதான், கடிக்கிற தாடை அதோட நுனியில இருக்கு. உணர்கொம்பு ரெண்டும் இந்த அலகுலேருந்தே கிளம்பும். முதல் கணு நீளமா ஒரு தண்டு, அப்புறம் முழங்கை மடக்குற மாதிரி சடார்னு ஒரு மடிப்பு, அதுக்கப்புறம் சின்னச் சின்னக் கணுவா கோத்த ஒரு சரடு, கடைசியில குமிழ். இந்தத் தண்டு பின்னால மடங்கி படுத்துக்கிறதுக்குன்னே அலகோட பக்கத்துல நீளவாக்குல ஒரு வெட்டு இருக்கு. அதுதான் ஸ்க்ரோப்.

அது எதுக்கு இருக்குன்னு யோசிச்சா சொல்லு தானா வந்துடும். நம்ம வீட்டு அரிசி வண்டையே எடுத்துக்கோங்க, அதுவும் கூன்வண்டுதான். பொட்டை வண்டு அலகு நுனியால அரிசிமணிய குடைஞ்சு, குடைஞ்ச துளைக்குள்ள ஒரு முட்டைய வச்சு, பசை மாதிரி ஒண்ண சுரந்து அத அடைச்சுடும். அலகு துளைக்குள்ள இறங்கும்போது உணர்கொம்பு ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நின்னா எப்படி இறங்கும்? அதனால தண்டு பின்னால மடிஞ்சு அந்த வெட்டுல போய் படுத்துக்குது. அதாவது இது சும்மா ஒரு பள்ளம் இல்ல, இன்னொரு உறுப்பு வந்து உக்கார்றதுக்காகவே அமைஞ்ச இடம்.

எங்கப்பா தச்சு வேலை பாத்தவரு. அலமாரிக்கு சறுக்குக் கதவு போடும்போது கதவு ஓடுறதுக்கு மேலயும் கீழயும் நீளமா வெட்டு எடுப்பாரு, டிராயர் அடிப்பலகை வந்து சொருகுறதுக்கும் அப்படித்தான். அதுக்கு அவரு சொல்ற சொல்லு ‘காடி’. “காடி ஆழமாயிடுச்சுன்னா பலகை ஆடும், காடி பத்தலன்னா பலகை ஏறாது”ன்னு நான் சின்னப்புள்ளையா இருக்கும்போது அத்தன தடவ கேட்டிருக்கேன். பள்ளம்னு அவரு ஒரு நாளும் சொன்னதில்ல, பள்ளம்னா மரத்துல விழுந்த சேதம். போன வாரம் லென்சுல ஸ்க்ரோபப் பாத்ததும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தக் காடிதான். நம்ம ஆசாரிமார்கிட்ட ஏற்கனவே பொருத்தமா ஒரு சொல்லு இருக்கும்போது நாம எதுக்கு ரெண்டு சொல்ல ஒட்டி புதுசா ஒண்ணு கட்டணும்?

இன்னொரு காரணமும் இருக்கு, வேலை சம்பந்தமானது. ட்ரைகோனோப்டெரஸ்ங்கற இந்த ஒரு பேரினத்துல மட்டும் 2013-ல நியூகினிலேருந்து 101 புது இனம், 2014-ல நம்ம பக்கத்து சுந்தா தீவுகள்லேருந்து 98, 2019-ல சுலாவெசிலேருந்து 103 விவரிச்சிருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் அலகு எப்படி, முன்மார்பு எப்படி, ஓட்டுச்சிறகுல (முதுக மூடுற கெட்டியான முன்சிறகு) புள்ளி எப்படின்னு ஒரே வரிசையில வரும். அடையாளம் காணுற திறவுகோல்லயும் அப்படித்தான், ஸ்க்ரோப் மேலேருந்து பாத்தா தெரியுதா, பக்கத்துல இருக்கா, கண்ணுக்குக் கீழ வளைஞ்சு போகுதான்னு பாத்துத்தான் சில கூன்வண்டுகள பிரிக்கவே முடியும். அத்தன தடவ ‘உணர்கொம்புப் பள்ளம்’னு எழுதிப் பாருங்க, மூணாவது பக்கத்துலயே எழுதுறவருக்கும் படிக்கிறவருக்கும் மூச்சு வாங்கும்.

விலங்கியல் பெயரிடல் விதிப்படி புது இனத்தோட பேரு லத்தீன் எழுத்துல இருக்கணும், ஆனா விவரணை இந்த மொழியிலதான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. பரவலா புழங்குற மொழியில எழுதுங்கன்னு பரிந்துரைதான் இருக்கு. தமிழ்ல ஒரு இனத்த முறையா விவரிச்சா செல்லும். 1854-ல இயற்கையியலாளர் வாலஸ் இங்க சிங்கப்பூர் புக்கிட் தீமாவுல ரெண்டு மாசத்துல 700 இன வண்டு பிடிச்சதா எழுதியிருக்காரு, அதே காட்டுக்குப் பக்கத்துல குடியிருக்குற நாம அந்த வண்டுகள நம்ம மொழியில விவரிக்க சொல்லு இல்லாம நிக்கக் கூடாதுன்னுதான் எனக்கு இவ்ளோ பிடிவாதம்.

உங்க கருத்து எழுதுங்க.

*

தம்பிக்கு வணக்கம்,

தச்சு வேலை உவமானம் நல்லா இருக்கு, ஆனா எனக்கு மூணு சந்தேகம். ஒண்ணு, எங்க ஜொகூர் பக்கம் காடின்னா புளிக்காடி, ஊறுகாய்ல ஊத்துறது. மாணவருங்க படிச்சா வண்டு தலையில காடியான்னு கேப்பாங்க. ரெண்டு, ட்ரைகோனோப்டெரஸ் இருக்குற உபகுடும்பத்துல நெஞ்சுக்கு அடியிலயும் ஒரு நீளப்பள்ளம் இருக்கே, அலகையே மடக்கி அதுக்குள்ள வச்சுக்குமே, அதுக்கு என்ன பேரு வைப்பீங்க? மூணு, யாழ்ப்பாணத்துல படிச்ச அக்கா ஏற்கனவே சொன்னாங்க, இலங்கைப் பாடநூல்ல இந்த மாதிரி வெட்டுக்கு ‘தவாளிப்பு’ன்னு அழகான சொல்லு புழக்கத்துல இருக்குன்னு. இருக்குற சொல்ல விட்டுட்டு ஏன் புதுசுக்குப் போகணும்?

அப்புறம் ஒண்ணு, கூன்வண்டுங்கற பேர மட்டும் யாரும் மாத்த நினைக்காதீங்க. எங்க தோட்டத்துல தென்னைக் குருத்த தின்னு சாய்க்கிற சிவப்புக் கூன்வண்டுலேருந்து அந்தப் பேருதான் சனங்க வாயில இருக்கு. செம்பனையில மகரந்தம் சேக்க 1981-ல கேமரூன்லேருந்து மலேசியாவுக்குக் கொண்டு வந்தாங்களே, அதுவும் கூன்வண்டுதான். அதுக்கு முன்னால ஆளுங்க கையால பூவுக்குப் பூ மகரந்தத்தூள் போட்டுக்கிட்டு இருந்தாங்க.

*

அண்ணே வணக்கம்,

கூன்வண்டு விஷயத்துல நானும் உங்க பக்கம்தான், அத யாரும் தொடமாட்டாங்க.

தவாளிப்ப பத்தி ரெண்டு நாளா யோசிச்சேன். அக்கா சொன்னது சரி, நல்ல சொல்லு, அத விடவே கூடாது. ஆனா அது எல்லா வகை வெட்டுக்கும் பொதுவான சொல்லு. வண்டு உடம்புல ரெண்டு வகை வெட்டு இருக்கு. ஒண்ணு சும்மா கிடக்குறது, நெத்தி நடுவுல, மார்பு நடுவுல ஓடுற கோடு மாதிரி, அதுக்குள்ள எதுவும் வந்து உக்கார்றதில்ல. அதுக்கெல்லாம் தவாளிப்புன்னே வச்சுக்கலாம். இன்னொண்ணு இன்னொரு உறுப்பு வந்து அடையுறதுக்குன்னே இருக்குறது, அதுக்கு மட்டும் காடி. இந்த வித்தியாசத்த லத்தீன் பேருங்ககூட அவ்ளோ தெளிவா காட்டல, தமிழ்ல நாம காட்ட முடியும்.

உங்க ரெண்டாவது கேள்விக்கும் பதில் இதுலயே இருக்கு. கொம்பு படுக்குறது கொம்புக்காடி, அலகு படுக்குறது அலகுக்காடி. அந்த வண்டு பயந்தா காலு, அலகு எல்லாத்தையும் மடக்கிக்கிட்டு செத்த மாதிரி விழுந்து கிடக்கும்ல, அப்போ அலகு அலகுக்காடியில அடங்கிடும்னு ஒரே வரியில எழுதிடலாம். புளிக்காடி குழப்பமும் இதுல தீந்துடும், முன்னால ஒரு சொல்லு ஒட்டிக்கிட்டே வருதே, யாரும் ஊறுகாய நினைக்கமாட்டாங்க. அலகுக்கும் இதே பிரச்சினை வந்துச்சு, இங்க தைப்பூசத்துல அலகு குத்துறதுதான் எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வரும், இயற்பியல்ல அளவுக்கும் அலகுதான், ஆனாலும் பறவை அலகுன்னா யாரும் தடுமாறுறதில்ல.

தொழில் சொல்லு விவரணையில எடுபடுமான்னு சந்தேகப்படுறவங்க ட்ரைகோனோப்டெரஸ் வண்டோட காலப் பாக்கணும். 2011-ல கண்டுபிடிச்சாங்க, கால் உடம்போட சேர்ற இடுப்புக் கணுவுக்குள்ள மரை வெட்டியிருக்கு, அடுத்த கணுவுல திருகு ஒரு முழுச் சுத்துக்கும் மேல ஓடுது, கால அசைக்கும்போது ஒண்ணுக்குள்ள ஒண்ணு திருகிக்கிட்டு போகுது. நம்ம ஷிப்யார்டுல வேலை பாக்குற எந்தத் தம்பிகிட்ட வேணா இத ‘மரையும் திருகும்’னு சொல்லுங்க, படம் காட்டாமலே புரிஞ்சுக்குவான். மரை வரலாம்னா காடியும் வரலாம்.

ஓட்டுச்சிறகுல நீளவாக்குல ஓடுற புள்ளி வரிசைக்கு ‘சால்’னு அக்கா போட்டிருக்காங்க, உழவுச்சால்லேருந்து. அது அருமை, அப்படியே இருக்கட்டும். பள்ளமா இருக்குற புள்ளிக்கு மட்டும் ‘குழி’ய ஒதுக்கிடுவோம், அப்போ சால், குழி, தவாளிப்பு, காடி நாலும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காது.

சோதனைக்கு அரிசி வண்ட வச்சு எழுதிப் பாத்தேன், திருத்துங்க: “உடல் செம்பழுப்பு முதல் கரும்பழுப்பு வரை. அலகு மெலிந்து நீண்டது. கொம்புக்காடி அலகின் பக்கத்தில் அமைந்தது. உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்தது. முன்மார்பின் மேல்பரப்பில் வட்டக் குழிகள் நெருங்கியவை. ஓட்டுச்சிறகில் குழிகளுடன் கூடிய சால்கள், செம்மஞ்சள் புள்ளிகள் நான்கு.” இதையே உணர்கொம்புப் பள்ளம் போட்டும் எழுதிப் பாத்தேன், அந்த ஒரு வரி மட்டும் தனியா இடறுது.

ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் முடிவாகல. கொம்புத் தண்டுக்கும் குமிழுக்கும் நடுவுல இருக்குற கணுக்களுக்கு ‘சரடு’ன்னு இருக்கு, லத்தீன்லயும் சின்னக் கயிறுன்னுதான் அர்த்தம், சொல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா கணுவ ஒவ்வொண்ணா எண்ணிச் சொல்லும்போது ‘சரட்டுக் கணு ஆறு’ன்னு எழுதுறதா, ‘ஆறு மணிச் சரடு’ன்னு எழுதுறதா? சனிக்கிழமை தேக்காவுல பாக்கும்போது பேசிக்கலாம், நான் அரிசி வண்டு டப்பா எடுத்துட்டு வர்றேன், அண்ணே நீங்க பெரிய லென்ஸ மறக்காம கொண்டு வாங்க.