ஸ்கூல் காட்சியறையில் பழுப்பு நிலக்கரி வெடிக்குது, என்ன செய்யலாமுங்க?

தாராபுரம்_டீச்சர்:
புதைபடிவம், நிலக்கரி பற்றி ஸ்கூல்ல ஒரு சின்னக் காட்சியறை வைக்கிறோமுங்க. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி காஞ்சு வெடிச்சு உதிருது. தண்ணி தெளிக்கலாமுங்களா? மஞ்சளா மினுங்குற புள்ளியோட ஒரு நிலக்கரிக் கட்டியும், இலைத்தடம் பதிஞ்ச ஷேலும் (சேறு இறுகித் தகடு தகடா ஆன பாறை) இருக்குது. நம்ம பக்கத்துப் புதைபடிவம் ஏதாச்சும் கிடைக்குமுங்களா?

கரிப்படலம்:
தண்ணி வேண்டாமுங்க. வெட்டியெடுக்கும்போது அதோட எடையில ஏறத்தாழ பாதி ஈரம்தான். நம்ம காத்துல மேல்பக்கம் முதல்ல காஞ்சு சுருங்கும், உள்பக்கம் சுருங்காது. அந்த இழுப்புலதான் வெடிக்குது. காஞ்சதை நனைச்சா இன்னும் உதிரும். மரநார் தெரியற துண்டுகளை மட்டும் பொறுக்கி, மூடி போட்ட கண்ணாடி ஜாடியில வெச்சு, பக்கத்துல ஒரு லென்ஸ் வையுங்க.

புதுக்கட்டி வாங்கினா பாலித்தீன்ல சுத்தியே கொண்டு வரணும். மேல்ஈரத்தைத் துணியில ஒத்தி எடுத்துட்டு, பாரஃபின் மெழுகைச் சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள வெச்சு உருக்கி 2, 3 பூச்சு கொடுங்க. ஒரு மூலை விட்டுப்போனாலும் அங்கிருந்து காய ஆரம்பிக்கும்.

மஞ்சள் புள்ளி பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அதுக்கு ஈரம்தான் எதிரி. காத்துல ஈரப்பதம் 60% தாண்டினா கந்தக அமிலம் உண்டாகி, வெள்ளைப் பொடி பூத்து, அடியில இருக்குற அட்டையையும் அரிச்சுடும். ஈரம் உறிஞ்சற சிலிகா ஜெல் போட்டுத் தனிப்பெட்டி. பழுப்பு நிலக்கரியோட சேர்த்து வைக்கவே கூடாது.

பாறைப்பித்தன்:
ஷேலைக் கழுவாதீங்க, இலையோட கரிப்படலம் உரிஞ்சு வந்துடும். ஃபெவிகால், வார்னிஷ் ரெண்டும் வேண்டாம். பாராலாய்டு பி-72ங்குற அக்ரிலிக் பிசினை அசிட்டோன்ல 5% கரைச்சு மெல்லிய பிரஷ்ல ஒரு பூச்சு. காத்தோட்டமான இடத்துல, அடுப்புக்குத் தள்ளி வெச்சுப் பண்ணுங்க.

கொங்குல பெரும்பாலும் 200 கோடி வருசத்துக்கு மேல ஆன நைஸ், சார்னோகைட் பாறைங்க, ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறினது. உயிர்த்தடம் எதிர்பார்க்க முடியாது. கல்லுல கருப்பா செடி மாதிரி படர்ந்ததைப் புதைபடிவம்னு கொண்டுவருவாங்க, அது மாங்கனீசுப் படிவு. ஆனா மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லையும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. அரியலூர்க் கல்லுல சிப்பி கண்ணுக்குத் தெரியும். மதுக்கரைக் கல் ஆழத்துல வெந்து படிகமானது, உடைச்ச முகத்துல சர்க்கரை மாதிரி மினுங்கும். எனக்கு இதுதான் உங்க அறையிலேயே சிறந்த பாடம்னு தோணுது. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில இருக்குற கல்மரத்தை (கல்லா மாறின மரம்) மட்டும் எடுத்துடாதீங்க, பாதுகாக்கப்பட்ட இடம்.

தாராபுரம்_டீச்சர்:
ரொம்ப நன்றிங்க. நிலக்கரிப் படத்துல டைனோசர் வரைஞ்சுட்டாங்க, விடலாமுங்களா?

கரிப்படலம்:
அழிச்சுடுங்க. ராணிகஞ்ச், சிங்கரேணி நிலக்கரி 25 கோடி வருசத்துக்கும் முந்தினது, டைனோசர் அப்போ வரலை. சதுப்புல குளோசோப்டெரிஸ் மரங்க வரையுங்க, நாக்கு வடிவ இலை, நடுநரம்பு, வலைபோல நரம்புப் பின்னல். உங்க ஷேல்ல இருக்குறதும் அதுவான்னு லென்ஸ் வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க.