மொறிஸ் மைனர்: டை ரொட் எண்ட் மாற்றியும் ஸ்டியரிங் ஆட்டம் போகவில்லை

தலவாக்கலையிலிருந்து:

வணக்கம். அப்பாவின் 1959 மொறிஸ் மைனர் 1000, 948 சிசி. ஹட்டன் தாண்டி கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது இடது முன்சக்கரம் குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையில் உதறுகிறது. போன மாதம் வீட்டு முற்றத்திலேயே வைத்து இரண்டு பக்கமும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ரொட் எண்ட் மாற்றினேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் கொண்டை ஊசி வளைவில் முழுதாகத் திருப்பினால் இடது பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். கராஜில், ஸ்டியரிங் திருப்புவதை டை ரொட்டுக்குக் கொடுக்கும் ஸ்டியரிங் ரெக்கையே மாற்றச் சொல்கிறார்கள். அதற்காகக் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு இறங்குவதற்கு முன்னால் உங்களிடம் கேட்கிறேன். ரெக்தானா?

பண்டாரவளையிலிருந்து:

தம்பி, ரெக்கைத் தொட வேண்டாம். முதலில் இடது சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பெயரிங். நிற்காவிட்டால், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னும், அதை மேலும் கீழும் பிடித்திருக்கும் ட்ரனியனும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால்தான் டை ரொட், ரெக் பக்கம் போக வேண்டும்.

பார்க்கும்வரை காரைக் கணவாய்ப் பக்கம் இறக்காதீர்கள். மைனரில் கிங் பின் மேலும் கீழும் ட்ரனியனுக்குள் மரையில் நிற்கிறது. நாம் திருப்பும்போதெல்லாம் நட்டுக்குள் பொல்ட் சுற்றுவது போலத்தான் அதுவும் சுற்றுகிறது. கிரீஸ் இல்லாமல் மழைத்தண்ணீரும் மண்ணும் போனால் மரை தேய்ந்துவிடும். ஒருநாள் கீழ் ட்ரனியன் கழன்று, சக்கரம் மடங்கிக் காருக்கு அடியில் போய்விடும். நம் ரோட்டில் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கண்டியிலிருந்து:

டை ரொட் எண்ட் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணினீர்களா? எண்ணாவிட்டால் டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு, மாறியிருக்கும். இரண்டு முன் டயருக்கும் நடுவில் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 3/32 அங்குலம், கிட்டத்தட்ட 2.4 மில்லிமீற்றர், குறைவாக இருக்க வேண்டும். அப்புறம், மில்லிமீற்றர் ஸ்பெனரைப் போட்டு நட்டின் முனையை மழுக்கிவிடாதீர்கள். இந்தக் காருக்கு அங்குல ஸ்பெனர்தான்.

தலவாக்கலையிலிருந்து:

சுற்று எண்ணித்தான் போட்டேன் அண்ணே. இன்று காலை தூக்கிப் பார்த்தேன். பிரேக் மிதித்தாலும் ஆட்டம் நிற்கவில்லை, கீழ் ட்ரனியனில் கண்ணுக்கே தெரிகிறது. கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிளில் கிரீஸ் இறங்கவே இல்லை, உள்ளே கல் மாதிரி இறுகியிருக்கிறது. இதை முற்றத்தில் வைத்து மாற்றலாமா?

பண்டாரவளையிலிருந்து:

மாற்றலாம், ஆனால் முறுக்கேறி நின்று ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பியான டோர்ஷன் பாரை மறக்கக் கூடாது. ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியாததால், சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் சும்மா தொங்குகிறது என்று நினைத்துவிடுவோம். அது முறுக்கேறித்தான் நிற்கிறது. ஜெக்கை மட்டும் நம்பாமல் பொடிக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். சமதளமான இடம் வேண்டும், மழை ஊறிய மண்ணில் ஸ்டாண்ட் புதையும். இன்னொரு ஜெக்கைக் கீழ் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் கொடுத்துக் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் நட்டில் கை வைக்க வேண்டும். வேலை முடியும்வரை அந்த ஜெக் அசையக் கூடாது. நான் இரண்டு மைனருக்கு இந்த வேலை செய்திருக்கிறேன், இரண்டு தடவையும் பயத்தோடுதான் செய்தேன்.

ஆர்மின் முன்பாதியைக் கழற்றினால் ட்ரனியனை வெளியே இழுத்துத் திருகி எடுக்கலாம். வாங்கும்போது இடது பக்கத்துக்கு என்று சொல்லிக் கேளுங்கள், வலதும் இடதும் ஒன்றல்ல. கிங் பின் மரையையும் விரலால் தடவிப் பாருங்கள். கத்தி போலக் கூர்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், புது ட்ரனியன் மட்டும் போட்டுப் பயனில்லை. புதியதை முழுவதும் திருகி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் இறுகாத அளவுக்குச் சற்றுப் பின்வாங்கி நிறுத்துங்கள். ரப்பர் புஷ்ஷும் புதியதே போடுங்கள்.

தலவாக்கலையிலிருந்து:

முடிந்தது அண்ணே. பஞ்சிகாவத்தையில் ட்ரனியனும் கிங் பின்னும் சேர்த்தே வாங்கினேன். பழைய கிங் பின்னின் கீழ் மரை பாதிக்கு மேல் வழவழவென்று இருந்தது, அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. அம்மாவும் தங்கச்சியும் அந்தப் பக்கத்தில்தான் உட்காருவார்கள். இப்போது 'டொக்' சத்தம் இல்லை. வலது பக்கத்தில் ஆட்டம் இல்லை, ஆனால் அங்கும் நிப்பிள் அடைத்துத்தான் இருக்கிறது.

பண்டாரவளையிலிருந்து:

சந்தோஷம் தம்பி. வலது பக்க நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள், இறங்காவிட்டால் புதியது போடுங்கள். ஒவ்வொரு பக்கமும் 3 நிப்பிள்: மேல் ட்ரனியன், கீழ் ட்ரனியன், டை ரொட் எண்ட். 1000 மைலுக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில் அதற்கும் முன்னாலேயே. சக்கரத்தைத் தூக்கிவிட்டு அடியுங்கள், பாரம் இருந்தால் அழுந்தும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. பழையது கறுப்பாக வெளியே வந்து, புதியது எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். அப்புறம் 50 மைல் ஓடியதும், நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.