கத்திரி வெயில்: தங்கமீன் மேலே வந்து வாயைப் பிளக்குது, என்ன செய்ய?

காரைக்குடியான்:
ஆச்சி வீட்டு வளவுல, முற்றத்தை ஒட்டி 60 லிட்டர் தொட்டி. நாலு தங்கமீன். கத்திரி தொடங்குனதுலேருந்து மதியம் மூணு மணிக்குத் தண்ணி 33 டிகிரி. எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குதுங்க. நேத்துப் பதறிப்போய் ஃப்ரிட்ஜ் தண்ணி ரெண்டு பாட்டில் ஊத்துனேன், ஒண்ணு போயிருச்சு. ஆச்சி வேற "உசுரைக் கண்ணாடிக்குள்ள அடைச்சா இப்படித்தான்"னு காலையிலேருந்து.

தேவகோட்டை ராசா:
ஊத்துனதுதான் தப்பு தம்பி. சூடு சட்டுனு இறங்குனா மீன் தாங்காது, மணிக்கு ஒரு டிகிரி போதும். மேல வர்றது மூச்சுக்கு. 20 டிகிரித் தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 33-ல 7 தான். மூடியை எடுத்துட்டு டேபிள் ஃபேனைத் தண்ணி மேல காத்துப் படுற மாதிரி வைங்க, ஆவியாகி ரெண்டு மூணு டிகிரி குறையும். குறையுற தண்ணிக்கு, அண்டாவுல முதல் நாளே பிடிச்சு வச்சதை ஊத்துங்க. மாடி டேங்க் தண்ணி வேண்டவே வேண்டாம், மதியம் அதுல டீயே போடலாம்.

கானாடுகாத்தான் மீனு:
இரையைப் பாதியாக்குங்க. மிச்சம் அழுகுனா அம்மோனியா, வெயில்ல அது இன்னும் மோசம். தொட்டியை இரண்டாங்கட்டு நிழலுக்கு மாத்துங்க. தண்ணியோட தூக்கிராதீங்க, என் தொட்டி அப்படித்தான் விரிசல் விட்டுச்சு. கரண்டு போனா பேட்டரி ஏர் பம்ப்.

காரைக்குடியான்:
மூடியை எடுத்தா பூனை வருமே?

தேவகோட்டை ராசா:
கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்க.