கலைச்சொல்: ‘ஃபால்ஸ் சிங்க்’ என்பதற்கு ‘அல்லகுறி’?

> ‘பொய் ஒத்திசைவு’ என்றே போட்டுவிடுவோமே, தம்பி. எல்லாருக்கும் புரியும். ஒரு பதிவு (லாக்) வரிக்கு எதற்கு இத்தனை மடல்?

அண்ணே, நம் அமெச்சூர் ரேடியோ நிரலைத் தமிழாக்கும்போது, அழைப்பின் அடையாளம் வந்துவிட்டதாக நிரல் தவறாக நம்புவதைப் (‘ஃபால்ஸ் சிங்க்’) ‘பொய் ஒத்திசைவு’ என்றால் புரியுமா என்பதுதான் என் சந்தேகம். ‘பொய்’ என்றதும் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றும். இங்கே அனுப்புகிறவர் ஒழுங்காகத்தான் அனுப்புகிறார், ஏமாறுவது பெறும் நிரல்.

எம்17 என்னும் எண்முறை ரேடியோப் பேச்சு முறையில் நடப்பதைப் பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் முதலில் +3, −3 என்று மாறிமாறி ஓர் அலை. அடுத்து யார் யாரை அழைக்கிறார் என்கிற தொடக்கச் சட்டகம் (ஒரு தரவுத் துண்டு). பிறகு பேச்சுச் சட்டகங்கள், ஒவ்வொன்றும் 40 மில்லிநொடி, 384 பிட். ஒவ்வொரு சட்டகத்தின் தலையிலும் 8 குறியீடுகள் கொண்ட அடையாளம் இருக்கும்:

தொடக்கம்: +3 +3 +3 +3 −3 −3 +3 −3
பேச்சு: −3 −3 −3 −3 +3 +3 −3 +3

ஒன்றைக் கவிழ்த்தால் மற்றொன்று. ஒரே கணக்கைப் போட்டு இரண்டையும் தேடிவிடலாம், விடை கூட்டலா கழித்தலா என்று பார்த்தால் போதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரேடியோவுக்கும் மோடத்துக்கும் நடுவில் எங்கேயாவது அலை தலைகீழானால் போச்சு. ஒவ்வொரு பேச்சுச் சட்டகமும் ‘புது அழைப்பு’ போலத் தெரியும். நம் நிரல் ஆவலாகத் தலைப்பைப் படிக்கும், சிஆர்சி என்னும் பிழைச் சரிபார்ப்பு சேராது, தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தேடும். 40 மில்லிநொடியில் அடுத்தது வந்து நிற்கும். ஒத்திசைவு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்க, ஒலிபெருக்கி ஊமையாக இருக்கும். புதிதாக உரிமம் வாங்கிய பையன் அலைவரிசையைத் திருகுவான், ஆன்டெனாவைத் திருப்புவான், ஒலி அளவைக் கூட்டுவான். எம்எம்டிவிஎம் என்னும் மோடம் மென்பொருளின் அமைப்புக் கோப்பில், பெறும் அலையைக் கவிழ்க்கும் ‘ஆர்எக்ஸ்இன்வெர்ட்’ வரியில் 0 இருந்தால் 1, 1 இருந்தால் 0 என்று மாற்றினால் முடிந்தது. அதை அவனுக்குச் சொல்ல வேண்டியது நம் பதிவு வரிதான்.

இன்னொரு வகையும் உண்டு. அழைப்பே இல்லை, வெறும் இரைச்சல். குறியீட்டின் நான்கு நிலைகளிலும் (+3, +1, −1, −3) அது சமமாக விழுகிறது என்று வைத்தால், குறிப்பிட்ட ஓர் அடையாளம் தற்செயலாக அமைய 65,536-இல் ஒரு வாய்ப்பு. நொடிக்கு 4,800 குறியீடுகள் என்பதால் சராசரியாக 14 நொடிக்குள் ஒருமுறை ஏமாறலாம். ஒன்றிரண்டு பிழையைப் பொறுத்துக்கொள் என்று நிரலில் எழுதியிருந்தால் இன்னும் அடிக்கடி. நம் கரையில் இது கூடுதல் தொல்லை. கடலுக்கு மேலே போகிற 2 மீட்டர் நீள ரேடியோ அலை மங்கி மங்கி மீளும். ஒவ்வொரு முறை அறுந்து சேரும்போதும் தேடல் புதிதாகத் தொடங்குகிறது.

இதற்கு அகப்பொருள் இலக்கணத்தில் சொல் தயாராக இருக்கிறது. இரவில் தலைவன் வந்ததை உணர்த்தச் செய்யும் ஒலி ‘குறி’. புன்னைக்காய் நீரில் விழுந்த சத்தத்தை அவன் செய்த குறி என்று நம்பித் தலைவி வெளியே வந்து ஏமாந்து திரும்பினால், அது அல்லகுறிப்படுதல். காய் பொய் சொல்லவில்லை. கேட்டவள் மயங்கினாள். நிரலின் நிலை அச்சு அசலாக இதுதான். அதனால் என் முன்மொழிவு: அடையாளத்துக்கு ‘ஒத்திசைகுறி’, ஏமாறுவதற்கு ‘அல்லகுறி’.

மண்டபத்திலிருந்து

---

தம்பி, சொல் அழகுதான், மறுக்கவில்லை. மூன்று குறை. ‘குறி’ என்றால் எங்கள் தொண்டிப் பக்கம் முதலில் குறி சொல்கிறவர்தான் நினைவுக்கு வருவார். இரண்டாவது, சின்னத் திரையில் சொல் உடைந்து ‘அல்ல’ ஒரு வரி, ‘குறி’ அடுத்த வரி என்று விழுந்தால், படிப்பவன் ‘குறி இல்லை’ என்று எடுத்துக்கொள்வான். நீ சொல்ல வந்ததற்கு நேர் எதிர்! மூன்றாவது, கவிழ்ந்த அலைக்கும் இரைச்சலுக்கும் ஒரே சொல்லா?

---

அண்ணே, முதல் குறையை விட்டுவிடலாம். ‘குறியீடு’, ‘குறிமுறை’ என்று எழுதும்போது யாருக்கும் குறிசொல்லி நினைவு வரவில்லையே. இரண்டாவது சரியான குறை. சொல் உடையாதபடி நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் எழுத்தைச் செருகிவிடுகிறேன். திரையில் எப்படியும் தனிச்சொல்லாக வராது, வினையாகத்தான் வரும்.

மூன்றாவதற்குத் தனிச்சொல் வேண்டாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கால இடைவெளி. கவிழ்ந்த அலை 40 மில்லிநொடிக்கு ஒருமுறை தாளம் தப்பாமல் வரும், இரைச்சல் தாறுமாறாக வரும். நிரலே எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும். வரிகள் இரண்டு:

“அல்லகுறிப்பட்டது: தலைப்புச் சரிபார்ப்புத் தவறியது.”

“சீராக அல்லகுறிப்படுகிறது: அலை தலைகீழாக இருக்கலாம், ஆர்எக்ஸ்இன்வெர்ட்டைப் பாருங்கள்.”

வேறு மறுப்பு இல்லையென்றால் மொழிக்கோப்பில் ஏற்றிவிடுகிறேன். ‘ஒத்திசைகுறி’யில் ஒற்று மிகுமா என்று கீழக்கரைப் புலவர் ஐயாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.